கீழ் அணையின் நேரம்

தண்ணீர் நின்றுவிட்டதை ரோவினா முதலில் பாதத்தால்தான் உணர்ந்தாள். விடிந்ததிலிருந்து வீட்டுப் படகுத்துறையின் பலகைகள் அவள் காலடியில் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தன. இப்போது அதிர்வு இல்லை. கையிலிருந்த காபி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். துறையின் மரக்கால்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சுழிப்பு அடங்கியிருந்தது.

"நிறுத்திட்டாங்க" என்றாள், பக்கத்தில் நின்ற ஷெரீஃப் அலுவலகத்துப் பெண்ணிடம். அந்தப் பெண் தன் வாக்கிடாக்கியைப் பார்த்தாள். அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் அணையிலிருந்து செய்தி வந்தது. பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை மின் இயந்திரங்கள் ஓடாது, முக்குளிப்பவர்கள் இறங்கலாம்.

சற்றுக் கீழே, ஏரி குறுகும் இடத்தில், பழைய பாலத்தின் நான்கு தூண்கள் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தன. குளிர்காலத்தில் ஏரியை இறக்கும்போது மட்டும் அவை வெளியே தெரியும். அவள் அண்ணன் டெல்மரின் படகை நேற்று மதியம் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பின்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் போயிருந்தது. படகு கிடைத்தது, டெல்மர் கிடைக்கவில்லை.

டெல்மருக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருஷம் மரமில்லில் வேலை பார்த்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். மகன் ஹாலிஸ் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி ரொட்டி வைக்கும் டிராயரில் தூங்கியது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் ரோவினாவின் கணவனும் போய்விட, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இருவரும் நாளெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் குறைபட்டுக்கொண்டு சௌக்கியமாகவே இருந்தார்கள்.

காது போனாலும் தண்ணீர் விஷயத்தில் டெல்மர் சொன்னால் சொன்னதுதான். டென்னசியின் அந்தக் கோடியில் கிராப்பி மீன் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் படகை இறக்குவார்கள். அணையில் இயந்திரம் ஓடாத நேரத்தில் கிராப்பி மீன்கள் வேலைவெட்டி இல்லாதவர்களைப் போல ஏரி முழுக்கச் சிதறித் திரியும். அணை தண்ணீரை இழுக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கட்டையைத் தேடி ஓடி, அதன் மறைவில் பதுங்கி, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து இரைக்குக் காத்திருக்கும். அப்போது தூண்டில் போடுகிறவன் ராஜா. இழுப்பு கொஞ்சம் கூடிவிட்டாலோ அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், எந்த ராஜாவாலும் அசைக்க முடியாது.

அதனால் குளிர்காலத்தில் ஆளாளுக்கு சீடர் என்ற ஊசியிலை மரத்தை வெட்டி, சிமென்ட் கல் கட்டி, தனக்குப் பிடித்த இடத்தில் முழுகவிடுவார்கள். வசந்தத்தில் மீன் அங்கே வந்து குடியேறும். எந்த இடம் என்பதைக் கட்டின மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். மரம் இறக்கும்போது தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். படகின் பின்பக்கத்தில் நங்கூரம் போட்டு, மரத்தைப் பின்னாலிருந்தே தள்ள வேண்டும். ஓடுகிற தண்ணீரில் அப்படி நங்கூரம் போட்டால் தண்ணீர் பின்பக்கம் ஏறிப் படகை நிரப்பிவிடும். இது அந்த ஏரியில் எல்லாருக்கும் தெரியும், டெல்மருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு கீழ் அணை திறந்தபோது, டெல்மர் பாலத்துத் தூண்களுக்கு நடுவே பின்பக்கம் நங்கூரம் போட்டு, ஏழு சீடர் மரங்களோடு இருந்திருக்கிறார். அணையில் ஊதிய சங்கு அவர் காதில் விழ வழியில்லை.

அவருக்குக் காதாக இருந்தவள் ரோவினா. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் அணையின் எண்ணுக்குப் போன் போடுவாள். பதிவு செய்த ஒரு பெண் குரல் ஆற்றின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு அணையாகச் சொல்லிக்கொண்டு வரும்: எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எத்தனை இயந்திரம். அவர்கள் ஏரிக்கு மேல் ஓர் அணை, கீழ் ஓர் அணை. அவள் பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் மணியை மட்டும் எழுதிக் கொடுப்பாள். டெல்மர் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். வார நாட்களில் இரண்டு அணைக்கும் ஒரே நேரம்தான். அதனால் மேல் அணையின் நேரம் வந்ததுமே அவள் போனை வைத்துவிடுவாள், அடுப்பில் பன்றி இறைச்சி கருகிவிடும் என்று. சனி ஞாயிறுகளில் மட்டும் இரண்டும் வேறு வேறு. அன்றைக்குக் கடைசிவரை கேட்பாள்.

அந்த வாரம் பனி உறைந்து சாலை மூடியதால் வெள்ளிக்கிழமை வரவேண்டிய குப்பை வண்டி சனிக்கிழமை காலையில் வந்தது. போனைக் காதில் வைத்திருந்தபோது வண்டி கிறீச்சிடுவதைக் கேட்டாள். கேட்டதும் அவள் மனசுக்குள் அன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. மேல் அணை, இரண்டு மணியிலிருந்து ஆறு. எழுதினாள். போனை வைத்துவிட்டுக் குப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது டெல்மர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார், புருவத்தை உயர்த்தி. அவள் தலையாட்டினாள். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அந்த இரண்டு விரல்கள் நேற்று மதியத்திலிருந்து அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

துறையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது போலிருந்தது. ரோவினா பார்த்தாள். முழங்கால் ஆழத் தண்ணீரில் புளூகில் மீன்கள் நின்றன. உள்ளங்கை அகலம், வட்ட உடம்பு, செவுள் ஓரத்தில் நீலம். கோடையில் டெல்மர் ரொட்டித் துண்டு எறியும்போது இங்கே வந்து மொய்க்கும். ஆனால் இது பிப்ரவரி. குளிருக்கு அவை இருபதடி ஆழத்தில் படுத்துக்கிடக்க வேண்டிய காலம். நூறு இருக்கும், கூடவும் இருக்கலாம். துறையைச் சுற்றி வளையமாக, துடுப்பைக்கூட ஆட்டாமல், எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து நின்றன. அவள் நின்ற பக்கம்.

"எவ்ளோ அழகா இருக்கு" என்றாள் ஷெரீஃப் அலுவலகத்துப் பெண். அவள் நகரத்துக்காரி.

ரோவினா காலை ஓங்கிப் பலகையில் மிதித்தாள். ஒரு மீனும் விலகவில்லை. தூரத்தில், தூண்களுக்கு அருகே, அண்ணனின் நண்பர் வெர்னின் படகிலிருந்த ஒருவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அசைத்தான். அது ஹாலிஸ் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் மறுபடி குனிந்தபோது தண்ணீரில் மண்ணும் இலையும்தான் இருந்தன.

டெல்மரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை அவளிடம் சொன்னது வெர்ன். ஐம்பது வருஷம் டெல்மரோடு மீன் பிடித்தவர், ஐம்பது வருஷமும் அவருடைய இடத்தைக் கண்டுபிடிக்க முயன்று தோற்றவர். அன்று சாயங்காலம் சமையலறையில் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார். படகில் மீன் காட்டும் கருவியின் திரையை ஹாலிஸ்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். மூன்றாவது தூணுக்குப் பின்னால் அடியில் மரக்குவியல் தெரிந்தது. பழைய மரம், அதன் மேல் புது மரம். அதன் நடுவே மரமல்லாத ஒன்று. சிமென்ட் கல்லின் கயிறு காலில் சுற்றியிருந்தது.

"தண்ணி நிக்கும்போது மீன் கலைஞ்சிரும்ல ரோவினா, அது உனக்கே தெரியும்" என்றார் வெர்ன். "கலையல. டெல்மரைச் சுத்தி அடைஞ்சு நின்னுச்சு. முக்குளிச்ச பையன் சொல்றான், கையால தள்ளித்தான் வழி பண்ணினேன்னு. தள்ளினா நகருதாம், திரும்ப வந்து அதே இடத்துல நிக்குதாம்."

ஹாலிஸ் வாசல் பக்கம் நின்றான். நகரத்தில் ஏர் கண்டிஷனர் பொருத்துகிற வேலை அவனுக்கு. கனத்த உடம்பு, டெல்மரின் அதே தாடை. போதும் வெர்ன் என்று மட்டும் சொன்னான். வெர்ன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் ரோவினா கேட்டாள்.

"அண்ணன் சட்டைப்பையில இருந்ததெல்லாம் உங்கிட்ட குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க அத்தை. கத்தி, சாவி, நாலு மாத்திரை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"பொத்தான் போட்டிருந்துச்சா?"

ஹாலிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். பார்க்கலை என்றான். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தான்.

காகிதம் இல்லை. ஏரி எடுத்துக்கொண்டுவிட்டது. ரோவினாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதற்காகத் தன்னை அவள் வெறுத்தாள், ஆனாலும் நிம்மதி நிம்மதியாகவே இருந்தது. இனி யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகலாம், கடையில் முட்டை வாங்கலாம். யாரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. காகிதம் இல்லையென்றால் தப்பு யாருடையது?

செவ்வாய்க்கிழமை இறுதிச்சடங்கு இல்லத்தில் டெல்மரை எல்லாரும் பார்க்கும்படி கிடத்தியிருந்தார்கள். அவருடைய ஒரே கோட், அவருக்குப் பிடிக்காத டை. முகத்தை நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ரோவினா நெற்றியில் கை வைத்தபோது முடிக்குள்ளிருந்து ஒரு சீடர் ஊசியிலை எட்டிப் பார்த்தது. எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் இன்னொன்று, காதோரத்தில். அதையும் எடுத்தாள். மூன்றாவது கோட்டின் கழுத்தில் இருந்தது. இல்லத்துக்காரர் பதறிப்போய், தானே இரண்டு முறை தலைக்குக் குளிப்பாட்டி வாரியதாகச் சொன்னார். சத்தியம் செய்யாத குறை. அந்த அறை முழுக்க மலர்வளையம் இருந்தும் ரோவினாவின் மூக்கில் வெட்டின சீடர் வாசனைதான் ஏறியது.

வந்தவர்கள் வரிசையாகப் பெட்டியைக் கடந்து ஹாலிஸின் கையைக் குலுக்கினார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். டெல்மரா? பின்பக்கம் நங்கூரம் போட்டா? தண்ணீர் வரும் நேரத்திலா? அணைக்காரர்கள் நேரத்தை மாற்றிவிட்டார்களோ?

இல்லை, மாற்றவில்லை என்றான் ஹாலிஸ் ஒவ்வொருவரிடமும். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகவே மறதி வந்துவிட்டது என்றான். போன மாதம் லாரியின் சாவியை உறைபெட்டிக்குள் வைத்திருந்தார், கிழமை குழம்பிவிடுகிறது, நாங்கள்தான் வெளியே சொல்லவில்லை.

ரோவினா நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். டெல்மருக்கு மறதி கிடையாது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் எந்த நாளில் ஏரி எத்தனை அங்குலம் இறங்கி, புளூகில் முட்டையிட்ட குழிகளெல்லாம் வெயிலில் காய்ந்தன என்பதுவரை சொல்வார். சாவி, உறைபெட்டி எல்லாம் கட்டுக்கதை. ஏன் இப்படி அளக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒவ்வொருவரும் தலையை ஆட்டி, பாவம், வயசாச்சுல்ல என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பெட்டியைக் கடந்தபோது அவர்கள் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. போன வாரம்வரை டெல்மரிடம் கேட்டுக்கொண்டு படகு இறக்கியவர்கள் இப்போது ஒரு புத்தி தடுமாறிய கிழவனைப் பார்த்தார்கள். டெல்மரிடம் வேறு சொத்து இருந்ததில்லை. தண்ணீர் தெரிந்தவர் என்ற பேர் மட்டும்தான். அந்தப் பேர் அவள் கண் முன்னாலேயே கைமாறிக்கொண்டிருந்தது, அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாயைத் திறந்தால் இந்த ஊரில் இருக்கும் மீதிக் காலம் முழுக்க அண்ணனைக் கொன்றவள். திறக்காவிட்டால் அண்ணன் கிறுக்கன். இரண்டில் ஒன்றுதான்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கை தானாகப் போனுக்குப் போயிற்று. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அப்படித்தான் போனது. ஒவ்வொரு நாளும் குரல் பேச ஆரம்பித்ததும் வைத்துவிட்டாள். புதன் அன்று வைக்கவில்லை. மேல் அணை வந்தது. பிறகு ஓர் இடைவெளி. இத்தனை வருஷத்தில் அந்த இடைவெளி இவ்வளவு நீளம் என்று அவள் கவனித்ததே இல்லை. அதற்குள் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது. பிறகு கீழ் அணை, மூன்றிலிருந்து ஏழு, இரண்டு இயந்திரங்கள். நிர்வாகம் பராமரிப்புக்காக இந்த வாரம் அட்டவணையை மாற்றியிருப்பதாகக் குரல் சொன்னது. ஆற்றின் கடைசி அணைவரை கேட்டாள். மறுபடியும் முதலிலிருந்து போட்டுக் கேட்டாள். எழுதவில்லை.

பத்து மணிக்கு அடக்கம் முடிந்தது. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் வெர்னும் ஒருவர். மதியம் ஆலயத்துப் பெண்கள் டெல்மரின் வீட்டிலேயே சாப்பாடு வைத்தார்கள். கோழி வறுவல், பீன்ஸ், பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி, பாதியாக வெட்டிக் காரம் வைத்த முட்டை, சோள ரொட்டி. மேஜையின் நடுவே வெர்னின் பெரிய அலுமினியத் தட்டு. சோளமாவில் புரட்டிப் பொரித்த கிராப்பி, பொன்னிறமாக, இன்னும் ஆவி பறந்துகொண்டு.

பிப்ரவரியில் இந்த ஏரியில் இவ்வளவு கிராப்பி ஒரே ஆளுக்குக் கிடைக்காது. ஓர் இடத்தைத் தவிர.

ரோவினா தட்டைப் பார்த்தாள், பிறகு வெர்னைப் பார்த்தாள். வெர்ன் முட்டையின் மேல் மிளகுத்தூள் போடுவதில் மும்முரமாக இருந்தார். மேஜையைச் சுற்றிலும் கை நீண்டது. ஒருவர் எடுத்தார், இன்னொருவர் எடுத்தார். நல்ல கனமான மீன் என்று யாரோ சொன்னார்கள். ஹாலிஸ் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து மென்றான். அவன் தாடை டெல்மரின் தாடை. அது அசைவதை அவளால் பார்க்க முடியவில்லை.

"பாவம் மனுஷன்" என்றார் வெர்ன் மென்றுகொண்டே. "கடைசில தண்ணி அவரை ஏமாத்திருச்சு. புத்தி நல்லா இருந்தப்ப இது நடந்திருக்குமா?"

ரோவினா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

ஹாலிஸ் துள்ளி நிமிர்ந்தான். "அத்தை, உக்காருங்க."

அவன் சொன்ன வேகம் அவளை ஒரு கணம் நிறுத்தியது. அவள் இன்னும் எதுவுமே சொல்லவில்லையே. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கை தன் சட்டைப்பையின் மேல் போயிருந்தது, தானறியாமல். அப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காகிதத்தை ஏரி எடுக்கவில்லை. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

"அண்ணனுக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. "நேரத்தை எழுதிக் குடுத்தது நான். மேல் அணையோட நேரத்தை எழுதிட்டுப் போனை வெச்சுட்டேன். அது சனிக்கிழமைங்கறதை மறந்துட்டேன். அவர் ரெண்டுதானான்னு கேட்டார். நான் ஆமான்னேன். அவர் நம்பினார். தப்பு முழுக்க என்னோடது."

சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. போதகர் ஏதோ ஆண்டவருடைய வேளை என்று ஆரம்பித்து, பாதியில் விட்டார். பிறகு ஒவ்வொருவராகத் தட்டை வைத்தார்கள், கோட்டை எடுத்தார்கள். சிலர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், சிலர் சுவர் ஓரமாக நடந்து போனார்கள். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாலையில் இறங்கின. கால் மணி நேரத்தில் வீடு காலியாகிவிட்டது.

ஹாலிஸ் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எதுக்குடா அப்படிச் சொன்னே? உங்கப்பாவைப் போய்..."

"அப்பாவுக்கு இனிமே என்ன வந்துரப் போகுது" என்றான் அவன். "நீங்க இங்க இருக்கணும்ல. இந்த ஊர்க்காரங்களோட."

"அவருக்கு இருந்தது அது ஒண்ணுதான் ஹாலிஸ்."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அந்தக் கனத்த தோள்கள் குலுங்கின. ரோவினா அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஐந்து வயதில் அவன் அம்மாவிடம் அடி வாங்கிவிட்டு ஓடி வரும்போது அப்படித்தான் அணைத்துக்கொள்வாள். அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. நான்கு நாளாக வராத அழுகை. இருவரும் சத்தம் போட்டே அழுதார்கள்.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெர்ன். போனவர் திரும்பி வந்திருந்தார். கறுப்புக் கோட், பாலீஷ் போட்ட ஷூ, கையில் தொப்பி. அலுமினியத் தட்டை எடுக்க வந்ததாகச் சொன்னார். எடுத்துக்கொண்டார். கழுவாத தட்டு. ஆனாலும் போகவில்லை. ஷூவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"டெல்மரைப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். "அவருக்குத் தண்ணி தெரியும். எப்பவும் தெரியும். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

ரோவினா தலையாட்டினாள்.

வெர்ன் இன்னும் நின்றார். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கீழ் அணை இன்னிக்கு எத்தனை மணிக்கு, ரோவினா?"

ஹாலிஸ் தலையைத் தூக்கினான். வெர்னை அடித்துவிடுவான் போலிருந்தது. ரோவினா அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள். வெர்ன் கேட்டது அவளுக்கு அவமானமா, மன்னிப்பா, வெறும் மீன் ஆசையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருவேளை வெர்னுக்கே தெரியாது. ஆனால் டெல்மர் வீட்டு வாசலில் வந்து நின்று நேரம் கேட்கிறார். ஐம்பது வருஷமாகக் கேட்டது போலவே கேட்கிறார்.

"மூணு மணிக்கு" என்றாள். "ரெண்டு இயந்திரம். ஏழு வரைக்கும்."

"நல்லாக் கேட்டியா?"

"ரெண்டு தடவை கேட்டேன்."

வெர்ன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டே முக்காலுக்கு அவளும் ஹாலிஸும் சமையலறை ஜன்னலில் நின்றார்கள். பாலத்துத் தூண்களைச் சுற்றிப் படகுகள் வந்திருந்தன. ரோவினா எண்ணினாள், பதினொன்று. காலையில் பெட்டி தூக்கியவர்களில் நான்கு பேர் அவற்றில் இருந்தார்கள். வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லை போலும், ஒருவர் இன்னும் கறுப்புக் கோட்டோடு தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் முன்பக்கம் நங்கூரம் போட்டிருந்தார்கள். அசையாத தண்ணீரில் படகுகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

மணி மூன்றானது. ஒன்றும் நடக்கவில்லை.

மூன்று ஒன்று. மூன்று இரண்டு. ரோவினா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். புதன்தானே இன்று? புதன்தான். கீழ் அணைதானே? இரண்டு முறை கேட்டாளே. படகுகளில் ஒரு தலை வீட்டின் பக்கம் திரும்பியது, பிறகு இன்னொன்று.

அணைப் பக்கமிருந்து சங்கு ஊதியது.

மூன்றாவது தூணுக்குப் பக்கத்திலிருந்த படகு முதலில் அசைந்தது. நங்கூரக் கயிறு இறுக, அதன் மூக்கு மெல்ல ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒருவரும் துடுப்பைத் தொடவில்லை. பதினொரு படகும் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி, டெல்மரின் வீட்டைப் பார்த்து நின்றன.